பக்கத்து சீட்

மார்ச் 3, திங்கள்

இன்றும் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. டிப்போவிலிருந்து முதல் பஸ்ஸை எடுக்கிற நேரம். நான் இப்போது டிரைவர் இல்லை என்பது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. எழுந்து குளித்து, தலை சீவி, ஹாலில் வந்து உட்கார்ந்தேன். அப்புறம்? வாசல் வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். இவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நடந்து நடந்து தரை தேயப்போகுது" என்றாள்.

ஜனவரியில் வந்தது ஒரே ஒரு வலிப்பு. அதுவும் டிப்போ ஓய்வறையில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது. பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது வரவில்லையே, சந்தோஷப்படு என்கிறார்கள் எல்லாரும். படுகிறேன். ஆனால் ஒரு வருஷம் எந்த வண்டியையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தோஷப்பட்டுக்கொண்டே ஒரு வருஷம் எப்படி உட்கார்ந்திருப்பது?

மார்ச் 6

மச்சான் போன் செய்தார். இவளுடைய அண்ணன். வீட்டைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போகிறார்களாம்.

"மாப்ள, ஷெட்டுல நிக்குதே பூசணி, அதை என்ன பண்றது? பழைய இரும்புக்காரன் நாளைக்கு வரேங்கறான்."

பூசணி என்பது அவர் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட பழைய கார். உருண்டை உடம்பு, மங்கிய பச்சை. வாங்கியதிலிருந்து ஒரு மாசம்கூட ஒழுங்காக ஓடியதில்லை.

"அவனை வர வேண்டாம்னு சொல்லுங்க மச்சான்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 9, ஞாயிறு

பூசணி வந்தாயிற்று, கயிறு கட்டி, லாரிக்குப் பின்னால். நாலு டயரும் தரையோடு தரை. முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட், அதன் பஞ்சுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெயிண்டுக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாக.

இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்தாள்.

"ஓட்டக் கூடாதுன்னு சொன்ன பிறகு கார் கொண்டாந்து நிறுத்தற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"ஓட்ட இல்ல. ரிப்பேர் பண்ண."

"ரிப்பேர் பண்ணின பிறகு?"

டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 12

பின் சக்கரம் இரண்டும் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், சுத்தியலால் தட்டினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன். கடைசியில்தான் அசைந்தது.

மார்ச் 18, செவ்வாய்

கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே பழைய பெட்ரோல் பாகு மாதிரி காய்ந்து கிடக்கிறது. பெட்ரோல் போகிற ஜெட் என்கிற பித்தளைத் திருகுகளில் ஊசி நுழையாத ஓட்டை, எல்லாம் அடைப்பு. ஊதினேன், நைலான் நரம்பு விட்டுக் குத்தினேன், அசையவில்லை. எரிச்சலில் மேஜையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.

இவள் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் கூட்டில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிற வேலை அவளுக்கு. ஃபிரேம் இடுக்கிலிருக்கிற அழுக்கை அதிரவைத்தே எடுக்கிற ஒரு தண்ணீர்த் தொட்டி அங்கே உண்டு. சாயங்காலம் கூட்டைத் திறந்து காட்டினாள். தங்கம் மாதிரி மின்னுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வழியே பல்பு தெரிகிறது.

"முதலாளிக்குத் தெரியாம பண்ணியிருக்கேன். ஏதோ ஒரு பாட்டியோட கம்மல்னு சொன்னேன்."

ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 27

ஸ்டார்ட் ஆகிவிட்டது! முதலில் இருமல், அப்புறம் ஒரு புகை மண்டலம், அப்புறம் அந்தச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெட்ரோல் தீரும்வரை உட்கார்ந்திருந்தேன். கை நமநம என்கிறது. கிளட்ச்சை மிதித்துக் கியர் போட்டுப் பார்த்தேன் — பார்த்தேன், அவ்வளவுதான். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2

எங்கேயோ ஒயர் கருகுகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது சுள்ளென்று மூக்கில் ஏறியது. அவசரமாக எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேடினேன். எல்லாம் துணி சுற்றிய பழங்காலத்து ஒயர், தொட்டால் உதிர்கிறது. கருகின இடம் மட்டும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

மறுபடி அதே கருகல். இந்தத் தடவை பேட்டரி கழற்றி வைத்திருந்தேன். கரண்டே இல்லாமல் எப்படிக் கருகும்? பழைய வாசனை சீட்டுத் துணியில் தங்கியிருக்கும். வெயிலுக்கு எழும்புகிறது. அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 10

ஆட்டோ எலெக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். 'ஃபியூஸ்' என்றுதான் இந்தப் பக்கம் எல்லாரும் கூப்பிடுவார்கள். சீக்கிரம் சூடாகிற ஆள். விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் வெகுநேரம் கிடந்தான்.

"அண்ணே, ஒயர் பழசுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா எங்கயும் கருகல."

"இப்பகூட அடிக்குதுடா."

"எனக்கு அடிக்கலயே."

"உன் மூக்கு அவ்வளவுதான்."

கோபித்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும். ஒயரிங் மொத்தத்தையும் நானே மாற்றுகிறேன். இந்த வண்டிக்கு இருக்கிறதே இரண்டு ஃபியூஸ்தான். விளக்குக்கு, ஹார்னுக்கு, வைப்பருக்குத் தனித்தனியாக ஃபியூஸ் வைத்து ஒரு பெட்டி போடவேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர். கையோடு கையாக எல்லாம்.

ஏப்ரல் 17, வியாழன்

ஒயரிங் முடிந்தது. விரல் நுனியெல்லாம் பொத்தல். ஹெட்லைட் போட்டால் தெருக்கோடிச் சுவர் வரை பளிச்சென்று இருக்கிறது. ஒரு துண்டு பழைய ஒயர் வண்டியில் இல்லை. இனி எது கருகும், பார்க்கலாம்.

ஏப்ரல் 19

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. வீட்டுக்குள். தட்டுக்கு முன்னால்.

"ஏதாவது கருகுதா?" என்று கேட்டேன். இவள் அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்லையே" என்றாள். அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது.

பிடித்திருக்கிறதா? நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா?

ஏப்ரல் 22

டாக்டரிடம் போய் வந்தேன். "ஏதாவது வித்தியாசமா தோணுதா? தலைசுத்தல், மறதி, அந்த மாதிரி?"

"ஒண்ணும் இல்ல சார்."

அவர் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். வாசனையைப் பற்றி அவர் கேட்கவில்லை. இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

எடுத்துவிட்டேன். இவள் வேலைக்குப் போன பிறகு, தெரு முனை வரை, இரண்டாவது கியரில். அங்கே திருப்பிக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. என்ன ஆகும்? வாழ்நாளில் பாதியை ஸ்டியரிங் பிடித்தே கழித்தவன். கால் தானாகப் போகிறது, கை தானாகத் திரும்புகிறது. சாயங்காலம் இவள், "என்ன, முகம் தெளிவா இருக்கு?" என்றாள். நல்லாத் தூங்கினேன் என்றேன்.

ஏப்ரல் 28

இன்று பெரிய ரோடு வரை. மூன்றாவது கியர். ஜன்னல் வழியாகக் காற்று!

மே 3, சனி

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை மார்க்கெட் ரோடு வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சலூன் தாண்டும்போது அந்தக் கருகல். எப்போதும் போலில்லை, மூக்கு முழுக்க, தொண்டை முழுக்க. இது வண்டி இல்லை, இது நான் — என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. புது ஒயர். ஒவ்வொரு முனையும் நானே முறுக்கினது. இடது பக்கம் ஒடித்தேன். சாவியைத் திருப்பினேனா, தெரியவில்லை. திருப்பியதாகத்தான் ஞாபகம்.

அப்புறம் என் முகத்துக்கு மேலே சலூன்காரர் முகம். நடைபாதையில் ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார். தலைக்கு அடியில் சலூன் துண்டு.

பூசணி ஒரு சுவரில் மூக்கை வைத்து நின்றிருந்தது. கியரில் இருந்ததால் மேலே ஏறாமல் எஞ்சின் அணைந்துவிட்டதாம். விளக்கு வளையம் நெளிந்ததோடு சரி. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் சலூன்காரர் இன்னொன்றும் சொன்னார். கைக்குழந்தையோடு ஒரு பெண், ரோட்டைத் தாண்ட அந்தச் சுவரோரம்தான் நின்றிருந்தாளாம். வண்டி வருவதைப் பார்த்துப் பின்னால் குதித்தாளாம்.

எனக்கு அந்தப் பெண்ணே ஞாபகம் இல்லை. கண்ணை மூடினால் அவளைத்தான் தேடுகிறேன். எந்தப் பக்கம் நின்றாள்? என்ன புடவை? பார்க்கவே இல்லையே நான். பார்க்கவே இல்லை.

மே 4

சலூன்காரர் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுத விட்டுவிட்டேன். இவள் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். "சாவி எங்க?" என்று மட்டும் கேட்டாள். சலூன்காரர் கொடுத்தார். ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மே 6, செவ்வாய்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த வாசனைதான் ஆரம்பம். அதுவே ஒரு சின்ன வலிப்பு. எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு மாசமா."

பக்கத்து நாற்காலியில் இவள் மூச்சு நின்று திரும்பியது எனக்குக் கேட்டது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இனி டிரைவர் வேலை கிடையாது, ஒரு வருஷம் கழித்தும் கிடையாது என்று டிப்போவுக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். தலையாட்டினேன். வேறு என்ன செய்வது.

மே 14

"சாப்பாடு மேஜைல இருக்கு." இன்று இவள் என்னோடு பேசியது மொத்தமும் இதுதான்.

மே 17

பூசணியை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிற ஷெட் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள்ளும் இருக்க முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தேன். அங்கேயும் முடியவில்லை. புது மாத்திரை வாயில் கசக்கிறது. வாசனை வரவில்லை. வருகிறதா வருகிறதா என்று மோப்பம் பிடித்துக்கொண்டே ஒரு நாள் போகிறது.

மே 20, செவ்வாய்

இவள் ஒரு வாரமாகத் தாமதமாக வருகிறாள். கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. இன்று ஜன்னலோரம் நின்றிருந்தேன். தலையில் மஞ்சள் பலகை மாட்டிய ஒரு டிரைவிங் ஸ்கூல் கார், நொண்டி நொண்டித் தெருவுக்குள் வந்தது. இப்படியா கிளட்ச்சை விடுவது என்று நினைத்தேன். கதவு திறந்தது. ஸ்டியரிங் பக்கத்திலிருந்து இறங்கியது இவள்.

மே 21

ஒரு வழியாகச் சண்டை போட்டோம். அப்பாடா.

"வீட்டுலயே ஒரு டிரைவர் இருக்கேன். நீ யார்கிட்டயோ போய்க் கத்துக்கறே."

"உங்ககிட்ட கத்துக்கிட்டா வண்டி ஓட்ட வரும், புருஷன் மிஞ்ச மாட்டாரு."

"எதுக்கு இப்ப உனக்கு இது?"

"எதுக்கா? அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நான் எப்படி வந்தேன்னு கேட்டீங்களா? கடை வாசல்ல ஒரு வண்டியும் நிக்கல. ரோட்டுக்கு நடுவுல நின்னு கையை நீட்டி, யாரோ ஒருத்தர் பைக்ல ஏறி வந்தேன். உயிரோட இருக்கீங்களா இல்லையான்னு தெரியாம. ஒரு மாசம் எங்கிட்ட மறைச்சிருக்கீங்க. கருகுதான்னு என்கிட்டயே கேட்டுட்டு, என்கிட்டயே மறைச்சிருக்கீங்க!"

  தப்புதான் என்றேன். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பூசணியை நான் ஓட்டறதுன்னா என்னென்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

மே 22

நெளிந்த விளக்கு வளையத்தைக் கழற்றிவிட்டு ஒரு முறை முழுசாகச் சுற்றி வந்தேன். எஞ்சினுக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்! பழைய டிரம் பிரேக்கைத் துடைத்து மாட்டியதோடு விட்டிருக்கிறேன். நான் ஓட்டுவதற்கு அது போதும் என்று நினைத்தேன். இவள் ஓட்டப்போகிறாள் என்றதும் போதவில்லை. சீட் பெல்ட்டே கிடையாது இதில். இத்தனை நாள் அது கண்ணிலேயே படவில்லையே!

ஜூன் 8, ஞாயிறு

உடைத்து விற்கிற இடத்திலிருந்து வேறொரு காரின் டிஸ்க் பிரேக் கிடைத்தது, முன் சக்கரம் இரண்டுக்கும். பொருந்தவில்லை. லேத்காரரிடம் போய்ப் பிடிமானத் தகடு கடையச் சொல்லி, திருப்பி எடுத்துப் போய் மறுபடி கடையச் சொல்லி... கதவைத் திறந்ததும், "இன்னிக்கு எவ்வளவு குறைக்கணும், அரை நூலா, கால் நூலா?" என்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்கிறேன். முறுக்குகிறேன். படுத்த பிறகு சந்தேகம் வருகிறது. காலையில் போய் மறுபடி முறுக்குகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பிரேக் குழாயில் காற்று இருந்தால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தில் ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட. இவளைக் கூப்பிட்டேன். சீட்டில் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சக்கரத்துக்கு அடியில்.

"மிதி."

"ம்."

"பிடிச்சுக்கோ, விடாதே."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

காலை முழுவதும் இதே பேச்சுத்தான். நாலு சக்கரம். பாட்டிலில் குமிழி குமிழியாக வந்து, கடைசியில் குமிழி இல்லாமல் எண்ணெய் மட்டும் வந்தது.

"இப்ப கல்லு மாதிரி இருக்குங்க" என்றாள் மேலேயிருந்து. அடியில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்துகொள்ளத் தோன்றவில்லை.

ஜூன் 22

பெஞ்சு சீட்டில் பெரிய தகராறு. இவள் கால் எட்ட அதை முன்னால் தள்ளினால் மொத்தமும் நகர்கிறது. பக்கத்தில் என் முழங்கால் தாடைக்கு வந்துவிடுகிறது. "இப்படியே வாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று சிரிக்கிறாள். கழற்றி எறிந்துவிட்டு, தனித்தனி சீட் இரண்டு போடுகிறேன்.

ஜூன் 29

சீட் முடிந்தது. பெல்ட்டும். தரையில் தடிமன் தகடு வைத்து வெல்டிங்காரர் பற்றவைத்தார். பெல்ட்டைப் பிடித்து என் பலமெல்லாம் போட்டு இழுத்துப் பார்த்தேன். வண்டிதான் ஆடியது.

டிப்போவிலிருந்து என் பழைய கூட்டாளி வந்து ஓட்டிப் பார்த்தான், நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவர். நான் நடைபாதையில் நின்று பார்த்தேன். வேகமாக வந்து ஒரே மிதி; கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. இறங்கி வந்து, "இந்த பிரேக் நம்ம பஸ்ஸுக்கு இருந்தா!" என்றான். நான் நாலாபக்கமும் பார்த்தேன், நான் ஓட்டாத வண்டி ஒன்று இவ்வளவு ஒழுங்காக நிற்பதை வேறு யாராவது பார்த்தார்களா என்று.

ஜூலை 11

இவளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. இவளுக்குக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் அம்மா பூசணியைப் பார்க்க வந்திருந்தார். தரையைத் தேடிவிட்டு, "சார், இதுல கியர் எங்க?" என்றார். இவள் பெருமையாக ஸ்டியரிங்குக்கு அடியில் காட்டினாள். அதற்குள் அவளுடைய வண்டியாகிவிட்டது அது.

ஜூலை 13, ஞாயிறு

முதல் சவாரி. நான் பக்கத்தில். வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். திறக்கவில்லை. ஆனால் வலது கால் கேட்டால்தானே! வளைவு வந்தால் மிதிக்கிறது, நாய் வந்தால் மிதிக்கிறது. அங்கே பிரேக் இல்லை, வெறும் தரை.

"தரையில ஓட்டை போட்டுடாதீங்க. இப்பதான் வெல்டிங் பண்ணியிருக்கு."

வீடு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ஜூலை 30

பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்கிற வேலை. இன்று முதல் நாள். நெட்டை தன் பஸ்ஸை எடுக்கும்போது ஹார்ன் அடித்துவிட்டுப் போனான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஆகஸ்ட் 9

இவள் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்களாம், பஸ் ஸ்டாண்டில் இப்போது பேசுகிறவர் பேச்சு நன்றாகப் புரிகிறது என்று. "எங்க வீட்டுக்காரர்தான்னு சொல்லலை" என்கிறாள். சொல்லியிருப்பாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மச்சானின் புது வீட்டைப் பார்க்கப் போனோம். ஊருக்கு அந்தக் கோடி. இவள் இவ்வளவு தூரம் ஓட்டியது இதுதான் முதல் தடவை. பெரிய ரோடு, இரண்டு பக்கமும் லாரி. ஒன்றைத் தாண்டினாள், கண்ணாடியைப் பார்த்து, விளக்குப் போட்டு, அவசரமே இல்லாமல். குறை சொல்ல ஒன்றும் இல்லை எனக்கு. ஜன்னல் வழியே வெயில் மடியில் விழுந்தது. ஒரு மேம்பாலம் ஏறியது ஞாபகம் இருக்கிறது.

"என்னங்க! என்னங்க!"

தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "கூப்பிடறேன், கூப்பிடறேன், பதிலே இல்ல! என்ன பண்ணுது?"

"தூங்கிட்டேன்."

"என்னது?"

"தூங்கிட்டேன்மா. சும்மா தூக்கம்."

ஒரு நிமிஷம் என் கண்ணையே பார்த்தாள். அப்புறம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். நெற்றி ஹார்னில் பட்டு அது அலறியது, ரோட்டோரம் போன சைக்கிள்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான்.

சுற்றிலும் பார்த்தேன். வண்டி ரோட்டை விட்டு நன்றாக ஒதுங்கி நின்றிருந்தது. விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது. அவ்வளவு பயத்திலும் எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் என்னை உலுக்கியிருக்கிறாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே தூங்கறதுன்னா சொல்லிட்டுத் தூங்குங்க."

"சரி. தூங்கறேன்."

கண்ணாடியைப் பார்த்தாள், கியரைப் போட்டாள். மச்சான் வீட்டு வாசலில்தான் என்னை எழுப்பினாள்.